உங்கள் ஊர் ஜங்ஷனைச் சரிசெய்ய: சிக்னல் கேட்பதற்கு முன்னால் செய்ய வேண்டியவை

உங்கள் ஊர் ஜங்ஷனில் அடிக்கடி வண்டி முட்டுகிறது, ஆள் விழுகிறது என்றால், மனு எழுத உட்காருவதற்கு முன்னால் ஒரு நாள் அங்கே போய் நில்லுங்கள். காலையில் எட்டிலிருந்து ஒன்பதரை வரை, சாயங்காலம் நாலிலிருந்து ஆறு வரை. கையில் ஒரு நோட்டு, பேனா, கூட ஒரு ஆள் இருந்தால் போதும்.

நாங்கள் ஏழு பேர் கன்னியாகுமரி மாவட்டத்தில், நாகர்கோவில் – களியக்காவிளை ரோட்டில் எங்கள் ஊர் முக்கில் இதைச் செய்தோம். தெற்கேயிருந்து ஊர் ரோடு ஒன்று வந்து ஹைவேயில் ஏறுகிற இடம் அது. எங்களுக்கும் முதலில் தோன்றியது சிக்னல்தான். ஆட்டோ ஸ்டாண்டில் இருந்த அண்ணன் ஒருவர்தான் சொன்னார், "சிக்னல் கெடக்கட்டும், நாலு மணிக்கு ஸ்கூல் விடும்பம் இங்க வந்து நில்லும், அப்பம் தெரியும்." நின்றோம். ஒன்றரை மணி நேரத்தில் எங்களுக்குத் தெரிந்த விஷயம், அங்கே பிரச்சினை வண்டி அதிகம் என்பது இல்லை, ஊர் ரோட்டிலிருந்து ஏறுகிறவருக்கு வருகிற வண்டி கண்ணிலேயே படவில்லை என்பதுதான். முனையில் ஒரு பழக்கடை. மட்டி வாழைக்குலைகளை வரிசையாகத் தொங்கவிட்டு, வெயிலுக்கு முன்னால் ஒரு நீலத் தார்ப்பாய் இழுத்துக் கட்டியிருந்தார்கள். அதற்குப் பக்கத்தில் ஒரு கல்யாண பிளக்ஸ். பைக்கில் வந்து நிற்கிற பெண் தலையை நீட்டி நீட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் தெரியாமல் முன்சக்கரத்தை ஹைவேக்குள் விடுகிறார், அப்புறம்தான் பஸ் தெரிகிறது, மறுபடி காலால் தள்ளிப் பின்னால் போகிறார். ஒருவர் இல்லை, அன்றைக்கு வந்த பெரும்பாலானவர்கள் இப்படித்தான் ஏறினார்கள்.

அதனால் முதல் வேலை பார்வையை அளப்பது. இதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம், கட்டட வேலைக்காரர்களிடம் இருக்கிற நீள டேப் போதும். ஊர் ரோட்டில் ஹைவே விளிம்பிலிருந்து 15 மீட்டர் பின்னால் நின்றுகொள்ளுங்கள். அங்கிருந்து ஹைவேயில் எவ்வளவு தூரத்தில் வருகிற வண்டி தெரிகிறது என்று பாருங்கள். கூட வந்தவர் ஹைவே ஓரமாக நடந்து போகட்டும், அவர் தலை மறைகிற இடத்தில் நிற்கச் சொல்லி, அதுவரை அளந்துகொள்ளுங்கள். இந்தியச் சாலைக் காங்கிரஸ் என்கிற ஐ.ஆர்.சி. அமைப்பின் விதிப்படி, ஹைவேயில் வண்டிகள் மணிக்கு 80 கிலோமீட்டரில் வந்தால் 180 மீட்டர் தெரிய வேண்டும், 65 என்றால் 145, 50 என்றால் 110. இதெல்லாம் ஏறக்குறைய எட்டு வினாடிக் கணக்கு. ஏறுகிறவர் பார்த்து, முடிவெடுத்து, ரோட்டைக் கடந்து முடிக்க அந்த எட்டு வினாடி வேண்டும். எங்கள் முக்கில் தெரிந்தது 60 மீட்டர். மணிக்கு 60 கிலோமீட்டரில் வருகிற பஸ் அந்தத் தூரத்தை மூன்றரை வினாடியில் தாண்டிவிடும். அதே வேகத்தில் வருகிற டிரைவர் பார்த்து, பிரேக் பிடித்து, வண்டி நிற்க 80 மீட்டர் வேண்டும் என்று அதே விதிநூல்கள் சொல்கின்றன. பார்க்கிற தூரமே 60, நிற்கத் தேவையான தூரம் 80. இனி அந்த முக்கில் விபத்து நடப்பதற்கு யாருடைய கவனக்குறைவும் தேவையில்லை.

கடைக்காரரிடம் சண்டைக்குப் போகவில்லை. அவரையே கூட்டிப்போய் பைக்கில் உட்காரவைத்து, இங்கிருந்து பாருங்கள் என்றோம். மறுநாளே தார்ப்பாயை மேலே தூக்கிக் கட்டிவிட்டார், குலைகளை உள்பக்கம் மாற்றினார். பிளக்ஸைக் கட்டியவர்கள் அவிழ்த்துக்கொண்டு போனார்கள். பைசா செலவில்லை, 60 மீட்டர் 130 ஆனது. மீதியை மறைத்தது ஒரு மின்கம்பமும் அதில் படர்ந்திருந்த கொடியும், அந்தக் கதை பின்னால் வருகிறது.

எண்ணுவது எப்படி

பார்வை முடிந்ததும் எண்ணிக்கை. அதிகாரிகளிடம் "ரொம்ப டிராபிக் சார்" என்று சொன்னால் அவர்களுக்கு எழுத ஒன்றும் கிடைக்காது. எண் கொடுத்தால் அதை ஃபைலில் வைத்தே ஆக வேண்டும்.

ஒவ்வொரு ரோட்டுக்கும் ஒரு ஆள். அவர் அந்த ரோட்டிலிருந்து வருகிற வண்டிகளை மட்டும் எண்ண வேண்டும், இடது பக்கம் திரும்புகிறது, நேரே போகிறது, வலது பக்கம் திரும்புகிறது என்று மூன்று பத்தி. நாலு ரோடு சேர்கிற இடம் என்றால் மொத்தம் 12 பத்தி. நான்கு கோடு போட்டு ஐந்தாவதைக் குறுக்கே போடுகிற பழைய முறைதான் வசதி. பதினைந்து நிமிஷத்துக்கு ஒருமுறை புதுப் பக்கம் எடுங்கள், அப்போதுதான் எந்தக் கால் மணி நேரத்தில் நெருக்கம் உச்சத்துக்குப் போகிறது என்று தெரியும். பள்ளிக்கூடம் இருக்கிற ஊர்களில் அந்தக் கால் மணி நேரம்தான் எல்லாமே.

எல்லா வண்டியும் ஒன்று இல்லை. கார், ஆட்டோ ஒவ்வொன்றும் 1, பஸ்ஸும் லாரியும் 3, இரு சக்கர வாகனம் அரை என்று கணக்கிட்டால் போதுமானது. உதாரணத்துக்கு ஒரு மணி நேரத்தில் ஒரு பக்கத்திலிருந்து 40 பஸ்-லாரி, 110 கார், 60 ஆட்டோ, 400 பைக் வந்தால், 120 + 110 + 60 + 200, மொத்தம் 490 கார் அளவு.

எந்த நாளில் எண்ணுவது என்பதில் கவனம் வேண்டும். முகூர்த்த நாளில் எண்ணினால் மண்டபத்துக்குப் போகிற வண்டியெல்லாம் கணக்கில் வந்துவிடும். கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்களின் வேன்கள் கன்னியாகுமரிக்கும் சுசீந்திரத்துக்கும் வரிசையாகப் போகும். ஓணத்தின்போது கேரளத்து வண்டிகள். செவ்வாய், புதன், வியாழனில் ஒரு சாதாரண நாளை எடுங்கள், அதுதான் அடிப்படை. அப்புறம் ஞாயிறு காலை, கோயிலும் சர்ச்சும் விடுகிற நேரத்தில் தனியாக ஒருமுறை எண்ணிக்கொள்ளுங்கள், ஏனென்றால் நம் மாவட்டத்தில் பல ஜங்ஷன்களில் அன்றைக்கு நடந்து கடக்கிறவர்கள்தான் அதிகம். நடக்கிறவர்களையும் எண்ண வேண்டும். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். வயதானவர், பிள்ளைகள் என்று தனியாகக் குறித்தால் இன்னும் நல்லது.

விபத்து மட்டும் கணக்கில்லை. முட்டாமல் தப்பியதையும் எழுதுங்கள். டயர் கிறீச்சிட்டது, பைக்காரர் மண்ணில் இறங்கினார், நடந்துபோனவர் பாதி ரோட்டில் நின்று திரும்பி ஓடினார் என்று நேரத்தோடு குறித்துக்கொள்ளுங்கள். தரையையும் பாருங்கள். ஒரே இடத்தில் கண்ணாடித் தூள், உடைந்த இண்டிகேட்டர் துண்டு, கறுத்த டயர் தடம் இருந்தால் வண்டிகள் அங்கேதான் திரும்பத் திரும்ப முட்டுகின்றன. மழை நாளிலும் ஒருமுறை போய்ப் பாருங்கள். நமக்கு இரண்டு பருவமழை, ஓடை அடைத்துக்கொண்டால் ரோட்டின் இடது ஓரத்தில் தண்ணீர் நிற்கும், பைக்குகள் அதை விலக்க நடு ரோட்டுக்கு வரும், பின்னால் வருகிற லாரிக்கு அது எதிர்பாராதது. ஓடையைத் தூர்வாருவதே சில முக்குகளில் பாதிப் பாதுகாப்பு.

எதைக் கேட்பது

நாலு ரோடு சேர்கிற இடத்தில் வண்டிகளின் பாதைகள் ஒன்றையொன்று சந்திக்கிற புள்ளிகள் 32. அதில் 16, ஒன்றையொன்று குறுக்கே வெட்டுகிறவை, உயிர் போகிற முட்டல் பெரும்பாலும் இவற்றில்தான். மூன்று ரோடு சேர்கிற டி முக்கில் மொத்தமே 9. ஒற்றை லேன் ரவுண்டானாவில் 8, அதில் குறுக்கே வெட்டுவது ஒன்றுகூட இல்லை. ஜங்ஷன் சீரமைப்பு என்று எதைச் செய்தாலும் அடிப்படையில் இந்தப் புள்ளிகளைக் குறைக்கிறோம், அல்லது அவற்றில் வண்டிகள் வருகிற வேகத்தைக் குறைக்கிறோம், அல்லது ஒரே நேரத்தில் வராமல் பிரிக்கிறோம். உங்கள் எண்ணிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு இந்த மூன்றில் எது வேண்டும் என்று யோசியுங்கள்.

வலது பக்கம் திரும்புகிற வண்டிகள்தான் உங்கள் தாளில் அதிகம் என்றால், அவை நின்று காத்திருக்கத் தனி இடம் கேளுங்கள். நம் ரோடுகளில் வலது திரும்ப நிற்கிற காருக்குப் பின்னால் மொத்த வரிசையும் நிற்கும், பொறுமை இழந்தவர் இடது பக்கமாக மண்ணில் இறங்கி முந்துவார், அங்கே ஒரு ஆள் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருப்பார். நடுவில் மூன்று மீட்டர் அகலத்தில் ஒரு காத்திருப்பு லேன் கிடைத்தால் இந்தச் சங்கிலியே அறுந்துவிடும். அதற்கு இடமில்லை என்றால் அந்த இடத்தில் வலது திரும்புவதையே மூடிவிட்டு, கொஞ்சம் தள்ளி அகலமான இடத்தில் யூ டர்ன் கொடுக்கலாம். ஆனால் அந்த யூ டர்ன் மிகவும் தள்ளிப் போனால் பைக்குகள் எதிர்த்திசையில் வரத் தொடங்கிவிடும், அது முன்பிருந்ததை விட மோசம்.

பஸ் ஸ்டாப் முக்கிலேயே இருக்கிறதா என்று பாருங்கள். நம் மாவட்டத்தில் பெரும்பாலும் இருக்கும், ஏனென்றால் ஜங்ஷன் என்றாலே பஸ் நிற்கிற இடம் என்றுதான் நமக்கு அர்த்தம். ஜங்ஷனுக்கு முன்னால் பஸ் நின்றால் அதன் மறைவிலிருந்துதான் ஆட்கள் ரோட்டைக் கடப்பார்கள், பஸ்ஸை முந்தி வருகிற வண்டிக்கு அவர்கள் தெரியமாட்டார்கள். ஜங்ஷனைத் தாண்டி, பஸ் ரோட்டைவிட்டு ஒதுங்கி நிற்கிற மாதிரி ஒரு பஸ் பே. எங்கள் மனுவில் இரண்டாவதாகக் கேட்டது இதுதான். ஸ்டாப்பை மாற்றச் சம்மதிக்காதவர்கள் எங்கள் ஊர்க்காரர்களேதான், முக்கியமாக முட்டு வலியுள்ள அம்மாக்கள், கூடுதலாக நடக்க வேண்டுமே என்றார்கள். அது நியாயம். அதனால் புது ஸ்டாப் வரைக்கும் ஓடைமேல் ஸ்லாப் போட்டு நடைபாதை, அதற்குப் பிறகுதான் மாற்றம் என்று எழுதினோம். ஏழு மாதம் ஆனது, ஆனால் நடந்தது.

ஊர் ரோடு ஹைவேயில் ஏறுகிற வாயில் எவ்வளவு அகலமாக விரிந்து கிடக்கிறதோ அவ்வளவு ஆபத்து. வண்டிகள் எந்தக் கோணத்திலும் பாய்ந்து ஏறும். நடுவில் ஒரு சிறு முக்கோணத் திட்டும், நிற்க ஒரு வெள்ளைக் கோடும், "நில்" பலகையும் இருந்தால் எல்லோரும் செங்குத்தாக வந்து நிற்பார்கள், இரண்டு பக்கமும் கழுத்தைத் திருப்பிப் பார்க்க முடியும். திட்டுக்குக் கறுப்பு மஞ்சள் பெயிண்டும் ஒளிரும் தகடும் கட்டாயம், இல்லையென்றால் ராத்திரி அதிலேயே வந்து ஏறுவார்கள்.

வேகத்தடை பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். தேசிய நெடுஞ்சாலையின் மேல் மேடு கேட்காதீர்கள். ஊர் ரோட்டில், ஹைவேயில் ஏறுவதற்கு முன்னால் கேளுங்கள், ஏறுகிறவர் நின்று ஏற வேண்டும் என்பதுதானே நமக்குத் தேவை. விதிப்படி அது 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் கொண்ட மெல்லிய வளைவு. குறுகலாகக் கூம்பு மாதிரி நாமே கொட்டி வைக்கிற மேடு அல்ல. அந்தக் கூம்பில் பின்னால் உட்கார்ந்திருக்கிற வயதானவர் தூக்கி எறியப்படுவார், ஆம்புலன்ஸில் முதுகெலும்பு அடிபட்டவர் படுத்திருந்தால் அவர் கதி என்ன என்று நினைத்துப் பாருங்கள். ஹைவேயில் வருகிறவர்களின் வேகத்தைக் குறைக்கக் குறுக்குக் கோடுகளாகத் தடித்த பெயிண்ட் பட்டைகள், முன்கூட்டியே எச்சரிக்கைப் பலகை, ரோட்டில் பதிக்கிற ஒளிரும் பூனைக்கண்கள், மினுக்கும் மஞ்சள் விளக்கு. போலீஸ் வைக்கிற இரும்புத் தடுப்பும் உதவும், ஆனால் ஒளிரும் ஸ்டிக்கர் உரிந்துபோன தடுப்பு இருட்டில் ஒரு சுவருக்குச் சமம். கண்ணில் பட்டால் போட்டோ எடுத்து ஸ்டேஷனில் கொடுத்துவிடுங்கள்.

ரவுண்டானா நல்லது, ஆனால் இடம் வேண்டும். வீடும் கடையும் ரோட்டை ஒட்டி நிற்கிற நம் ஊர்களில் பெரிய வட்டம் வராது. நாலு பக்கத்திலிருந்தும் ஏறக்குறைய சமமாக வண்டி வருகிற இடத்தில் சின்ன ரவுண்டானா நன்றாக வேலை செய்யும், நடுத்திட்டின் ஓரத்தைத் தாழ்வாகக் கட்டினால் நீள லாரியின் பின்சக்கரம் அதன்மேல் ஏறி இறங்கிவிடும். உள்ளே சுற்றிக்கொண்டிருக்கிற வண்டிக்குத்தான் முன்னுரிமை. அதை எழுதிப் பலகை வைக்கச் சொல்லுங்கள். ஹைவேயில் ஆயிரம் வண்டி, ஊர் ரோட்டில் நாற்பது என்றால் ரவுண்டானா வேண்டாம்.

அப்புறம் சிக்னல். நாலு பக்கமும் நெருக்கம், நடந்து கடக்கிறவர்களும் அதிகம், வேறு எதாலும் பிரிக்க முடியவில்லை என்கிற இடத்துக்கு அதுதான் சரி. கேட்கும்போது நேரத்தையும் சேர்த்துக் கேளுங்கள். ஒரு முழுச் சுற்று 120 வினாடியைத் தாண்டக் கூடாது, தாண்டினால் மக்கள் சிவப்பில் கிளம்பிவிடுவார்கள். நடப்பவருக்கு வினாடிக்கு 1.2 மீட்டர் என்று கணக்குப் போடுவார்கள், 14 மீட்டர் ரோடு என்றால் 12 வினாடி. மீன் கூடை தலையில் வைத்த அம்மாவால் அந்த வேகத்தில் நடக்க முடியாது, உங்கள் ஊரில் எண்ணிய வயதானவர்களின் எண்ணிக்கையைக் காட்டி 16 வினாடி கேளுங்கள்.

மேம்பாலம் கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மார்த்தாண்டத்திலும் பார்வதிபுரத்திலும் நமக்கு மேம்பாலம் இருக்கிறது, நேரே போகிறவர்களுக்கு அவை பெரிய உதவிதான். ஆனால் மேம்பாலம் நேரே போகிற வண்டியை மட்டும்தான் மேலே தூக்கும். திரும்புகிறவர், மார்க்கெட்டுக்கு வருகிறவர், பஸ்ஸுக்கு நிற்கிறவர் எல்லோரும் கீழேயேதான். உங்கள் எண்ணிக்கைத் தாளில் பாதிக்கு மேல் திரும்புகிற வண்டி என்றால், மேம்பாலம் வந்தாலும் கீழே இருக்கிற முக்கைத் தனியாகச் சரிசெய்தே ஆக வேண்டும்.

நான்கு வழிச்சாலை வேலை நடக்கிற ஊர்க்காரர்கள் இப்போதே விழித்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊர் ரோடு அதை எங்கே கடக்கும், அடியில் சுரங்கப்பாதையா, சர்வீஸ் ரோடு வழியாகச் சுற்றா, மாடும் டிராக்டரும் எந்த வழி என்று வரைபடத்தைப் பார்த்துக் கேளுங்கள். தார் போட்ட பிறகு மாற்றுவது பல மடங்கு கஷ்டம்.

யாரிடம் கொண்டுபோவது

முதலில் அந்த ரோடு யாருடையது என்று கண்டுபிடியுங்கள். கிலோமீட்டர் கல்லின் தலையில் மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை. தேசிய நெடுஞ்சாலையிலும் சில பகுதி தேசிய நெடுஞ்சாலை ஆணையத்திடம், சில பகுதி மாநில நெடுஞ்சாலைத் துறையின் தேசிய நெடுஞ்சாலைப் பிரிவிடம் இருக்கும். ஊர் ரோடு பஞ்சாயத்துடையதாக இருக்கலாம். ஒரே முக்கில் மூன்று அலுவலகம், நாங்கள் ஆரம்பத்தில் தப்பான இடத்தில் மனு கொடுத்து நான்கு மாதம் போனது.

மாவட்ட ஆட்சியர் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழு இருக்கிறது, போலீஸ், நெடுஞ்சாலை, ஆர்.டி.ஓ. எல்லோரும் ஒரே மேசையில் உட்காருகிற இடம் அது. திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் நாகர்கோவில் கலெக்டர் ஆபீஸில் மனுவைக் கொடுத்து, அந்தக் குழுவின் பார்வைக்கு வைக்கும்படி எழுதிக் கேளுங்கள். ரசீது எண் வாங்காமல் திரும்பி வராதீர்கள். கிராம சபையில் தீர்மானம் போட்டு அதன் நகலையும் இணைத்தால் மனுவுக்கு எடை கூடும். நாங்கள் போட்டது நவம்பர் 1 கிராம சபையில், நம் மாவட்டம் 1956இல் தமிழ்நாட்டோடு சேர்ந்த அதே நாள், அன்றைக்குக் கூட்டமும் நன்றாக இருந்தது.

விபத்துக் கணக்கை ஆர்.டி.ஐ. என்கிற தகவல் அறியும் உரிமைச் சட்டம் மூலம் வாங்குங்கள். பத்து ரூபாய், பதிலுக்கு 30 நாள். கேட்க வேண்டியது இவ்வளவுதான்: இந்தக் கிலோமீட்டர் முதல் இந்தக் கிலோமீட்டர் வரை கடந்த மூன்று ஆண்டுகளில் எத்தனை விபத்து, எத்தனை மரணம், எத்தனை கொடுங்காயம், இது விபத்துக் கரும்புள்ளி பட்டியலில் இருக்கிறதா, ரோட்டைப் பராமரிப்பது யார். தேசிய நெடுஞ்சாலையில் ஏறக்குறைய 500 மீட்டர் தூரத்துக்குள் மூன்று ஆண்டுகளில் மரணமோ கொடுங்காயமோ ஏற்பட்ட 5 விபத்து, அல்லது 10 மரணம் இருந்தால் அது கரும்புள்ளி. உங்கள் முக்கு அந்த வரையறைக்குள் வந்தால் மனுவின் முதல் வரியிலேயே அதை எழுதுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் சேர்த்த 198ஏ பிரிவும் தெரிந்திருக்கட்டும். ரோடு வடிவமைப்பிலும் பராமரிப்பிலும் தரத்தைக் கடைப்பிடிக்காததால் மரணமோ ஊனமோ ஏற்பட்டால் பொறுப்பான அமைப்புக்கோ ஒப்பந்ததாரருக்கோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு என்கிறது அது. மிரட்டலாக எழுத வேண்டாம், ஒரு வரியில் குறிப்பிட்டால் போதும்.

மனு ஒரே பக்கம். கூட ஒரு கைவரைபடம், எண்ணிக்கைத் தாள், நான்கு போட்டோ. போட்டோவைப் பைக்கில் உட்கார்ந்தவரின் கண் உயரத்தில் எடுங்கள், நின்றுகொண்டு எடுத்தால் மறைவு சரியாகத் தெரியாது. மூன்று கோரிக்கைக்கு மேல் வேண்டாம். நாங்கள் எழுதியது ஏறக்குறைய இப்படி:

"இந்த முக்கில் ஊர் ரோட்டிலிருந்து பார்த்தால் 130 மீட்டர்தான் தெரிகிறது, மின்கம்பத்தை நகர்த்தினால் 180 கிடைக்கும். கிழக்கு நோக்கிய பஸ் நிறுத்தத்தை ஜங்ஷனைத் தாண்டி, நடைபாதையோடு மாற்றித் தர வேண்டும். ஊர் ரோட்டு வாயிலில் திட்டு, நிறுத்தக் கோடு, விளக்கு வேண்டும். எண்ணிக்கையும் படமும் இணைப்பில்."

மின்கம்பம் என்று வந்தால் பொறுமை வேண்டும். அதை நகர்த்த மின்வாரியம் மதிப்பீடு போடும், அந்தப் பணத்தை யாராவது கட்டினால்தான் வேலை தொடங்கும், நெடுஞ்சாலைத் துறையா பஞ்சாயத்தா என்று காகிதம் போய் வந்துகொண்டிருக்கும். மதிப்பீட்டை முதலிலேயே வாங்கி மனுவோடு இணைத்தால் சில மாதம் மிச்சம். எங்கள் கம்பம் இன்னும் அங்கேயேதான் நிற்கிறது, கொடியை மட்டும் மாதம் ஒருமுறை நாங்கள் வெட்டுகிறோம், லைன் ஆஃப் செய்து லைன்மேன் கூட இருக்கும்போது மட்டும்.

நிரந்தரமாகக் கான்கிரீட் போடுவதற்கு முன்னால் பரீட்சை பார்க்கச் சொல்லுங்கள். டிராபிக் போலீஸ் அனுமதியோடு கூம்புகளும் மணல் மூட்டைகளும் வைத்து, திட்டு வரப்போகிற இடத்தை இரண்டு வாரம் அடைத்துப் பார்த்தால் பஸ் திரும்புகிறதா, ஜல்லி லாரி வளைகிறதா என்று தெரிந்துவிடும். எங்கள் திட்டு முதலில் வரைந்த இடத்தில் இருந்திருந்தால் மினி பஸ் திரும்பியிருக்காது, இரண்டாம் நாளே டிரைவர் வந்து சொன்னார், இரண்டு அடி உள்ளே தள்ளி வைத்தோம். இதை நீங்களாகச் செய்யாதீர்கள், அனுமதியில்லாமல் ரோட்டில் வைத்த ஒரு கல்லில் யாராவது விழுந்தால் பொறுப்பு உங்களுடையது.

வேலை முடிந்து ஒரு மாதம் கழித்து, அதே கிழமை, அதே நேரம், அதே ஆட்களோடு மறுபடி எண்ணுங்கள். தப்பிய முட்டல்களையும் முன்புபோலவே எழுதுங்கள். அந்தத் தாளை அதே ரசீது எண்ணைக் குறிப்பிட்டு அதே அலுவலகத்தில் கொடுங்கள், குறைந்திருந்தாலும் சரி, கூடியிருந்தாலும் சரி. வெள்ளைக் கோடு அழியத் தொடங்குவது எப்போது என்றும் தேதி போட்டு வையுங்கள். நம் மழையில் பெயிண்ட் அதிக நாள் தாங்காது, அடுத்த மனு பெரும்பாலும் அதற்காகத்தான் இருக்கும்.